எண்ணுக்கும் எல்லை உண்டு

சுண்டும் கொத்தும் வைத்து அரிசி அளக்கும் வீட்டிலே, எது எவ்வளவு கொள்ளும் என்பது குழந்தைக்கும் தெரியும். கொத்தரிசியைச் சுண்டிலே கொட்டினால் மிகுதி தரையிலே சிந்தும். சிந்தியதைக் கூட்டி அள்ளியும் விடலாம். கணினியின் தரவுத்தளத்திலும் எண்களை இட்டுவைக்கச் சிறிதும் பெரிதுமாகப் பல பாத்திரங்கள் உண்டு. ஆனால், அங்கே சிந்துவது சில வேளைகளில் கண்ணுக்குத் தெரிவதேயில்லை. ஆதலால், எந்தப் பாத்திரம் எத்துணைச் சிறிய எண்ணையும் எத்துணைப் பெரிய எண்ணையும் கொள்ளும் என்பதை இவ்வாரம் கணக்கிட்டுப் பார்ப்போம்.

கணக்குக் கடினமானதன்று. மின்விளக்கின் ஆளியை நினைத்துக்கொள்ளுங்கள். ஓர் ஆளிக்கு இரண்டு நிலை, இரண்டு ஆளிகளுக்கு நான்கு, மூன்றுக்கு எட்டு. இப்படி இரட்டித்துக்கொண்டே போனால் எட்டு ஆளிகளுக்கு 256 நிலைகள் கிடைக்கும். இத்தகைய எட்டு ஆளிகளின் தொகுதியே ஒரு பைட். பூச்சியத்திலிருந்து எண்ணத் தொடங்கினால், 256 நிலைகளில் கடைசி நிலைக்கு உரிய எண் 255 ஆகும். மறை எண்களும் வேண்டுமாயின், பாதியாகிய 128 நிலைகளை அவற்றுக்கு ஒதுக்குதல் வேண்டும். மற்றப் பாதியில் பூச்சியம் ஓரிடத்தைப் பிடித்துக்கொள்வதால், மேல் எல்லை 127. கீழ் எல்லையோ மறை 128. கீழே ஓர் எண் கூடுதலாக இருப்பதன் இரகசியம் இதுவே. இவ்வாறே இரண்டு பைட்டுக்கு மறை 32768 முதல் 32767 வரை. நான்கு பைட்டுக்கு மறை 2147483648 முதல் 2147483647 வரை. எட்டு பைட்டாயின் மேல் எல்லை 19 இலக்கங்கள் கொண்ட ஒரு பேரெண்.

இனி, இக்கணக்கின் பயனைப் பார்ப்போம். பேராதனையிலிருந்து கம்பளைக்குப் போகும் வழியில் உள்ள கெலிஓயாவிலே, வாசிகசாலை ஒன்று தன் அங்கத்தவர் பட்டியலைக் கணினியில் ஏற்ற முற்படுகிறது என்று வைத்துக்கொள்வோம். வயதுக்கு ஒரு பைட் போதும். 127ஐத் தாண்டி வாழ்ந்து நம்மைச் சங்கடத்துக்கு உள்ளாக்குவார் எவருமிலர்.

அடுத்த நிரல் தபாற் குறியீடு. கண்டி 20000, பேராதனை 20400, கம்பளை 20500. எல்லாம் 32767க்கு உட்பட்டவை. இரண்டு பைட் போதுமென்றே தோன்றும். ஆனால், அங்கத்தவர் ஒருவர் மாற்றலாகி யாழ்ப்பாணம் சென்றால் அவர் குறியீடு 40000! மறை எண்களை விலக்கி எல்லையை 65535க்கு உயர்த்தினாலோ, காலியின் 80000 வந்து வாயிலில் நிற்கிறது. கொழும்பு 1க்கு உரிய 00100இன் கதை இன்னும் வேடிக்கை. அதை எண்ணாக எழுதினால் முன்னுள்ள பூச்சியங்கள் இரண்டும் மறைந்து வெறும் 100 எஞ்சும்.

மூன்றாவது நிரலிலேதான் உண்மையான ஆபத்து இருக்கிறது. அது தேசிய அடையாள அட்டை இலக்கம். பழைய அட்டையில் ஒன்பது இலக்கங்களும் இறுதியில் ஓர் எழுத்தும் இருக்கும். முதல் இரண்டு இலக்கங்கள் பிறந்த ஆண்டைக் குறிப்பன. எழுத்தை நீக்கிவிட்டால் எஞ்சும் எண் நூறு கோடிக்கு உட்பட்டதே. நான்கு பைட்டின் எல்லையோ 214 கோடிக்கு மேல். ஆகவே, தாராளமாக அடங்கும். ஆனால், 2016ஆம் ஆண்டு தொடக்கம் வழங்கப்படும் இலக்கம் பன்னிரண்டு இலக்கங்கள் கொண்டது. பிறந்த ஆண்டு நான்கு இலக்கங்களாலும் முழுமையாக எழுதப்படுகிறது. 2000ஆம் ஆண்டிலே பிறந்த பிள்ளையின் இலக்கத்தை எண்ணாக வாசித்தால் இருபதாயிரம் கோடிக்கு மேலாகும். பழைய பாத்திரம் அதனைக் கொள்ளுமா?

கொள்ளாதபோது நிகழ்வது இருவகைப்படும். நல்ல தரவுத்தளம் ‘எல்லை கடந்தது’ என்று மறுத்துவிடும், அது நன்மையே. ஆனால், மைஎஸ்கியூஎல் போன்றவை, கண்டிப்பு முறை இயங்காத காலத்தில், ஓர் எச்சரிக்கையை மட்டும் விடுத்துத் தம்மால் இயன்ற மிகப் பெரிய எண்ணாகிய 2147483647ஐயே எழுதிவைத்தன. அப்போது புதிய அட்டை வைத்திருக்கும் இளைஞர் அனைவருக்கும் ஒரே இலக்கம்! வாசிகசாலையிலே புத்தகக் கணக்கோடு குழப்பம் நின்றுவிடும். ஓய்வூதியத்திலோ மருத்துவமனையிலோ இவ்வாறு நேர்ந்தால், ஒருவருக்கு உரியது மற்றொருவருக்குப் போய்ச் சேரும்.

எட்டு பைட் எடுத்தால் பன்னிரண்டு இலக்கம் எளிதில் அடங்கும். ஆயினும் நாம் ஒன்று கேட்போம்: அடையாள அட்டை இலக்கங்களை எவராவது கூட்டிப் பார்ப்பதுண்டா? கூட்டவும் பெருக்கவும் வேண்டாதவற்றை எழுத்துத் தொடராகவே வைப்பது உசிதம். பழைய அட்டையின் எழுத்தும் கொழும்பின் பூச்சியமும் அப்போது பிழைத்துக்கொள்ளும்.

கடைசி நிரல் சந்தாப் பணம். இதைத் தசம வகையில் வைத்தல் வேண்டும். மொத்தம் ஏழு இலக்கம், அவற்றுள் இரண்டு சதத்துக்கு என்று விதித்தால், மேல் எல்லை 99999.99; கீழ் எல்லை அதன் மறை. மிதவைப் புள்ளி வகைக்கு எல்லை மிகப் பெரிதாயினும், நுட்பம் குறைவு. நான்கு பைட் மிதவையில் 16777217 என்று எழுதினால் 16777216 என்றே பதியும். எல்லைக்குள் இருந்தும் ஒன்று காணாமற் போகிறது!

இவை சிறு கணக்கென்று எண்ணற்க. 1996 ஜூன் 4ஆம் திகதி பிரெஞ்சுக் கயானாவிலிருந்து புறப்பட்ட ஏரியான் 5 ஏவூர்தி, ஏறக்குறைய 40 வினாடியில் சிதறியது. ஏரியான் 4க்கு எழுதிய நிரலைப் புதிய ஊர்தியிலும் வைத்திருந்தனர். அதிலே ஒரு பெரிய எண்ணை இரண்டு பைட்டுக்குள் அடைக்க முயன்றதே கேட்டுக்குக் காரணம். பழைய ஊர்திக்குப் போதுமானதாயிருந்த எல்லை, வேகம் மிகுந்த புதியதற்குப் போதவில்லை.

ஆகவே, தரவுத்தளம் அமைக்கும் இளைஞர்களுக்கு நாம் சொல்வது இதுதான். ஒரே பெயருள்ள வகைக்கும் வெவ்வேறு தரவுத்தளத்தில் வெவ்வேறு எல்லை உண்டு, கைந்நூலைப் பாருங்கள். ஒவ்வொரு நிரலிலும் மிகச் சிறியதை ஒருமுறை, மிகப் பெரியதை ஒருமுறை, அவற்றைக் கடந்த எண்ணை ஒருமுறை இட்டுச் சோதியுங்கள். இன்று கெலிஓயாவில் இருப்பவரை மட்டும் எண்ணாமல், நாளை அவர் போகக்கூடிய ஊரையும், இனிப் பிறக்கப்போகும் பிள்ளையையும் எண்ணிப் பாத்திரத்தைத் தெரிந்தெடுங்கள். பாத்திரம் சிறுத்துப்போனால் குறைபடுவது எண் மட்டுமன்று. அந்த எண்ணுக்கு உரிய மனிதருமாவர்.