சப்ளையர் அண்ணன் சாவும் நம் துண்டறிக்கைகளும்

'பிராந்திக் கடையில ஊத்திக் குடுத்தவனுக்கெல்லாம் இரங்கல் கூட்டமா?' என்று தோழர் ஒருவர் கேட்டார். பதினாறாம் நாள் காரியத்தன்று மன்றத்தில் பத்துப் பேர் உட்கார்ந்து அரைமணி நேரம் பேசலாம் என்று நாங்கள் சொன்னதற்குத்தான் இந்தக் கேள்வி. தோழர் நல்லவர். வழக்கு வாங்கி உள்ளே போய் வந்தவர். அவர்மேல் கோபமில்லை. ஆனால் இது அவர் ஒருவருடைய கேள்வி அல்ல என்பதால் பதில் எழுத வேண்டியிருக்கிறது.

அண்ணனைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. சேரியில் 'சப்ளையர் அண்ணன்'. ஊர்த்தெருவில் இருபது வயசுப் பையனுக்கும் அவர் 'டேய் சப்ளையர்'தான். செத்தபோது அவருக்கு ஐம்பத்துநாலு. பன்னிரண்டு வயதில் சாராயக் கடைக்குக் கிளாஸ் கழுவப் போனவர். 1981இல் எம்.ஜி.ஆர். மதுவிலக்கை எடுத்துக் கடைகள் திறந்து கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது. அதற்கப்புறம் இந்த மாநிலத்தின் மதுக்கொள்கை எத்தனை முறை மாறியதோ அத்தனை முறை அவர் பிழைப்பும் மாறியது. 1990இல் மலிவு விலை மது வந்தது, அதை ஊற்றினார். 1991இல் ஜெயலலிதா அதையும் சாராயத்தையும் மூடினார். அண்ணன் செங்கல் சூளைக்குப் போனார். பிறகு தனியார் ஒயின்ஷாப் பார். 2003இல் சில்லறை விற்பனையையும் டாஸ்மாக் எடுத்துக்கொண்டபோது படித்த பையன்கள் சூப்பர்வைசர், சேல்ஸ்மேன் என்று உள்ளே போனார்கள். அண்ணன் பாரிலேயே நின்றுவிட்டார்.

மாணவத் தோழர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். கடை அரசாங்கத்தினுடையது. ஒட்டியிருக்கிற பார் டெண்டர் எடுத்தவருடையது. அந்த டெண்டரே தின்பண்டம் விற்பதற்கும் காலி பாட்டில் சேகரிப்பதற்கும்தான். மேஜை துடைக்கிறவன், வாந்தி அள்ளுகிறவன், அடிதடியை விலக்குகிறவன் அதில் எங்கேயும் கிடையாது. காலி பாட்டிலுக்குக் கணக்கு இருக்கிறது. அண்ணன் பெயர் எந்த நோட்டிலும் இல்லை. சம்பளம் என்று பெரிதாக ஒன்றுமில்லை, குடிக்கிறவன் வைத்துவிட்டுப் போகிற அஞ்சும் பத்தும்தான்.

2015இல் என் கவுண்டருக்கு வந்தார். ஜீரோ பேலன்ஸ் கணக்கு. படிவத்தில் 'தொழில்' என்ற கட்டத்தில் என்ன எழுதட்டும் அண்ணே என்றேன். 'கவர்மெண்ட் கடைன்னு எழுது தம்பி, பொண்ணு குடுப்பான்' என்று சிரித்தார். (அவருக்கு அப்போதே பேத்தி இருந்தது.) 'கூலி' என்று எழுதினேன். வருஷத்துக்கு 330 ரூபாய் பிடித்துக்கொண்டு செத்தால் இரண்டு லட்சம் தருகிற காப்பீடு புதிதாக வந்திருந்தது. அதிலும் சேர்ந்தார். 2020 மார்ச்சில் ஊரடங்கு. மே மாதமே கடையைத் திறந்துவிட்டார்கள். பார் மட்டும் அந்த வருஷக் கடைசி வரை மூடிக்கிடந்தது. டிப்ஸ் இல்லை, கணக்கில் பணம் இல்லை, பிரீமியம் பிடிக்க 330 ரூபாய் இல்லை. காப்பீடு அறுந்தது. சொல்லியனுப்பினேன். 'பாக்கலாம் தம்பி' என்றார். வாடகை பாக்கியைக் கட்டுகிறவனுக்குச் சாவைப் பற்றி யோசிக்க எங்கே நேரம்?

ஆனால் அவரிடம் ஒரு வங்கி இருந்தது. சனிக்கிழமை கூலிநாள். சித்தாள், கொத்தனார், மூட்டை தூக்குகிறவர் எல்லாம் வாரக் கூலியோடு நேராக அங்கேதான் வருவார்கள். இரண்டாவது குவாட்டர் கேட்கும்போது அண்ணன் சட்டைப் பையில் கைவிட்டு இருநூறோ முந்நூறோ எடுத்துக்கொள்வார். திட்டுவார்கள். சாதிப்பேர் சொல்லியும் திட்டுவார்கள், ஏனென்றால் எடுத்தது சேரிக்காரன் பையிலிருந்து மட்டுமல்ல. எடுத்த பணத்தைச் சிகரெட் அட்டையில் சுற்றி மேலே பேர் எழுதி வைத்துக்கொள்வார். ஞாயிறு காலையில் அந்தந்த வீட்டு வாசலில் நின்று, 'இந்தாம்மா, உன் ஊட்டுக்காரன் குடுத்தான்' என்று பெண்களிடம் கொடுப்பார். எனக்குத் தெரிந்து ஒரு ரூபாய் குறைந்தது என்று யாரும் சொன்னதில்லை. காசாளன் என்ற முறையில் சொல்கிறேன், இது லேசுப்பட்ட காரியம் அல்ல.

தொண்ணூறுகளில் நம் பத்திரிகைகளில் ஒரு சாரார் குடியைக் கலகப் பண்பாடு என்று எழுதினார்கள். பார்ப்பனிய ஒழுக்கத்தை உடைக்கிறோமாம். அவர்களில் எத்தனை பேர் சனிக்கிழமை ராத்திரி சேரியில் படுத்திருக்கிறார்கள் என்று கேட்கத் தோன்றும். பாரில் ஒரே பெஞ்ச், ஒரே டம்ளர், சாதி காணாமல் போய்விட்டது என்றும் சொன்னார்கள். டீக்கடையில் இரட்டைக் குவளை வைத்தவன் பாரில் அண்ணன் கையால் வாங்கிக் குடித்தான் என்பது வாஸ்தவம். மறுநாள் காலையில் அதே ஆள் அவரைத் திண்ணைக்குக் கீழே நிற்க வைத்துப் பேசினான் என்பதும் வாஸ்தவம். இருட்டில் மட்டும் செல்லுபடியாகிற சமத்துவம்.

இன்னொரு சாரார் கடையை மூடு என்பவர்கள். நானும் அந்தப் பக்கம்தான், கொஞ்சம் தயக்கத்தோடு. அம்பேத்கர் குடிக்காதவர். ஆனாலும் 1951இல் பட்டியல் சாதியினர் கூட்டமைப்பின் தேர்தல் அறிக்கை மதுவிலக்கை நீக்கச் சொன்னது. அரசுக்கு வரவேண்டிய பணம் அதனால் போகிறது என்பது அவர் கணக்கு. அந்தப் பணம் இன்று வருகிறது. யாருக்குப் போகிறது என்பது வேறு கட்டுரை.

2017இல் நெடுஞ்சாலைக் கடைகளை அகற்றச் சொன்ன உச்சநீதிமன்றத் தீர்ப்பு அமலானபோது எங்கள் ஊர்க் கடை நகர்ந்து நகர்ந்து சேரி ஓரத்துக்கு வந்து நின்றது. வேறெங்கே நிற்கும்? பெண்கள் துடைப்பத்தோடு மறித்து உட்கார்ந்தார்கள். கடை மூடினால் அண்ணனுக்குச் சோறில்லை. அவர் பாருக்குள்ளிருந்து குடம் குடமாகத் தண்ணீர் கொண்டுவந்து அவர்களுக்குக் கொடுத்தார். 'ஏன் தம்பி, வெயில்ல உக்காந்திருக்காங்க' என்பதற்குமேல் அவர் அதைப்பற்றிப் பேசியதில்லை. கடை மூடவில்லை.

2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் மெத்தனால் சாராயத்துக்கு அறுபது பேருக்குமேல் செத்தார்கள். அரசு குடும்பத்துக்குப் பத்து லட்சம் அறிவித்தபோது 'குடிச்சுச் செத்தவனுக்கு எங்க வரிப்பணமா' என்று கேட்ட வாய்களை நாம் எல்லோரும் பார்த்தோம், பதிலும் கொடுத்தோம். தோழரே, 'ஊத்திக் குடுத்தவனுக்கெல்லாமா' என்ற உங்கள் கேள்வி அந்த வாயிலிருந்து வந்த மாதிரியே இருக்கிறது. மலம் அள்ளுகிறவர் சாக்கடையில் செத்தால் அது கொலை என்கிறோம். சரியாகத்தான் சொல்கிறோம். அங்கே வேலையின் அசிங்கத்தை வேலை செய்தவர்மேல் ஏற்றுவதில்லை. இங்கே மட்டும் ஏன்?

காலையில் பெஞ்ச் கழுவிக்கொண்டிருந்தவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார், எழுந்திருக்கவில்லை. பகல் பன்னிரண்டு மணிக்குக் கடை வழக்கம்போலத் திறந்தது. டெண்டர்காரர் ஒரு மாலையும் ஐயாயிரமும் அனுப்பினார். கூடவே ஒரு வெள்ளைத்தாள், அண்ணியின் கைநாட்டுக்கு. அண்ணி பணத்தை வாங்கிக்கொண்டு தாளைத் திருப்பி அனுப்பிவிட்டார். நஷ்டஈடு கேட்டுத் தொழிலாளர் துறைக்கு மனு எழுதியிருக்கிறோம். 'அவன் எங்ககிட்ட வேலையே பாக்கல, சும்மா வந்து ஒக்காந்திருப்பான்' என்கிறது டெண்டர்காரர் தரப்பு. நாற்பது வருஷத்துக்கும் மேலாக!

ஆகவே அவர் அங்கே வேலை பார்த்தார் என்பதற்குச் சாட்சி வேண்டும். குடித்தவர்கள் கையெழுத்துப் போடத் தயங்குகிறார்கள், வீட்டுக்குத் தெரியுமாம். துடைப்பத்தோடு கடையை மறித்த பெண்கள்தான் போட்டுக்கொண்டிருக்கிறார்கள். நேற்று ராத்திரி வரை முப்பத்தொன்று, அதில் பத்தொன்பது கைநாட்டு. ஒரு பாட்டி பழைய சிகரெட் அட்டை ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தாள், அவள் மகன் பேர் எழுதியது. அதையும் மனுவோடு சேர்த்துத் தைத்திருக்கிறோம்.