பாட்டைக் காத்தவன் நாட்டைப் பெற்றான்

பாட்டை இழந்த இனம் தன் முகத்தை இழக்கும். பாட்டைக் காத்த இனமோ நாட்டையே பெறும். சான்று வேண்டுவோர் வடபுலத்துப் பின்லாந்தை நோக்குக.

1809 வரை சுவீடனுக்கும், அதன்பின் உருசியப் பேரரசுக்கும் அடங்கிக் கிடந்தது அந்நாடு. கல்வியிலும் ஆட்சியிலும் சுவீடிய மொழியே கோலோச்சிற்று. பின்னிய மொழி உழவர் நாவில் ஒதுங்கி வாழ்ந்தது. எலியாசு இலோன்ராத்து என்னும் மருத்துவர் கரேலியக் காடுகளிடை நடந்து, எழுத்தறியா முதியோர் பாடிய பழம்பாடல்களைத் தொகுத்து, 1835-இல் 'கலேவலா' என்னும் காப்பியமாக்கினார். 1849-இல் அது 22,795 அடிகளாக விரிந்தது. வளமெல்லாம் வழங்கும் 'சம்போ' என்னும் அரும்பொறி கடலில் உடைந்து போனதைப் பாடும் காப்பியம் அது. அந்த ஏக்கம் மக்களின் மொழியுணர்வை எழுப்பிற்று. 1863-இல் அவர்தம் மொழி சுவீடிய மொழிக்கு நிகராக ஆணை பிறந்தது; 1917-இல் நாடு விடுதலை பெற்றது. அழுகையாய்த் தொடங்கியது அரசாய் முடிந்தது!

அக்காப்பியத்தைப் பின்னிய மொழியினின்று நேரே தமிழாக்கி 1994-இல் நமக்களித்தவர், பின்லாந்தில் வாழ்ந்த ஈழத்தமிழர் இரா. சிவலிங்கம். பிறர் ஏக்கத்தைத் தமிழன் தமிழில் தந்துவிட்டான். தமிழனின் ஏக்கத்தை எழுதி வைப்பவர் யார்?

மல்லாங்கிணற்றைச் சூழ்ந்த வானம்பார்த்த கரிசலில் களைவெட்டுக்கும் பருத்தி எடுப்புக்கும் பாட்டுண்டு. தாலாட்டும் ஒப்பாரியும் உண்டு. பொய்த்த மழைக்கும் பிழைக்கப்போய்த் திரும்பாத மகனுக்கும் ஏங்கும் குரல் அவற்றில் உண்டு. விடியுமுன் தீப்பெட்டி, பட்டாசு ஆலைகளுக்குப் பேருந்தேறும் பெண்டிர்க்கு அவற்றைக் கற்க நேரமேது? பாட்டி ஒருத்தி இறந்தால் அவள் பாட்டும் உடன் எரிகிறது.

கி. இராசநாராயணன் 1982-இல் கரிசற் சொற்களை அகரமுதலியாக்கினார், நா. வானமாமலை நாட்டுப்பாடல்களைத் தொகுத்தார். எஞ்சிய பணி நம்முடையது. இலோன்ராத்துக்குத் தாளும் மைக்கோலுமே துணை. நம் பையிலோ ஒலியும் உருவும் பதிக்கும் கைப்பேசி உளது.

தனித்தமிழ் அன்பர்க்கு ஒன்று சொல்வோம். பாடும் முகத்தோடு காணொளியாய்ப் பதிக, கேட்டபடியே எழுதுக. கொச்சையென்று திருத்தாதீர். அயற்சொல் களைதல் நம் எழுத்தில் ஆற்றவேண்டிய பணி. பாட்டியின் பாட்டில் அன்று. கொழுவும் மேழியும் நமக்கு வந்தது அவள் வாய்வழியே அன்றோ?

கரிசற் காட்டு இளைஞரே! அரசாணைக்குக் காத்திராதீர். இத்திங்களே உங்கள் தெருவின் மூத்தவளிடம் சென்று அமர்க. அவள் பாடட்டும், தமிழினம் கேட்கட்டும்!