ரீட்டா மாறினால் உங்களுக்கென்ன?

'எஜுகேட்டிங் ரீட்டா' (1983) படத்தைப் பற்றிக் கதைத்தால் யாராவது ஒராள் கட்டாயம் சொல்லும்: "பாவம், படிச்சு அந்தப் பிள்ளையின்ர இயல்பே போயிட்டுது."

ரீட்டா லிவர்பூலில் சலூன் ஒன்றில் முடி வெட்டுகிற 26 வயதுப் பெண். திறந்த பல்கலைக்கழகத்தில் இலக்கியம் படிக்க வருகிறாள். பிள்ளை பெறச் சொல்லும் கணவன் அவளுடைய புத்தகங்களை எரிக்கிறான். குடிகார விரிவுரையாளர் ஃபிராங்க் எரிக்கவில்லை. ஆனால் அவள் படித்தவள் மாதிரிக் கதைக்கத் தொடங்கியதும், 'ஃபிராங்கன்ஸ்டைன்' எழுதிய மேரி ஷெல்லியோடு தன்னை ஒப்பிட்டுக்கொள்கிறார். அப்ப ரீட்டா யார்? பூதமா?

இரண்டு பேருக்கும் வேண்டியது ஒன்றுதான்: மாறாத ரீட்டா.

உழைக்கிற ஆக்களின் 'இயல்பை' ரசிப்பது லேசு, தன்ர அலுமாரி நிறையப் புத்தகம் இருந்தால். ஓம், ரீட்டா கொஞ்சக்காலம் மற்றவர்களைப் பார்த்துப் போலியாகத்தான் கதைக்கிறாள். அந்தப் போலியைக் கண்டுபிடிக்கிறதும் அவளேதான். அதற்கும் படிப்புத்தானே வேணும்?

இதை எழுதிய வில்லி ரஸ்ஸல் 15 வயதில் பள்ளியை விட்டவர். சிகையலங்காரம் செய்தவர். பிறகு படிக்கத் திரும்பியவர். அவர் தந்த ரீட்டா கடைசியில் வெல்வது பரீட்சையை மட்டுமல்ல. இனி என்ன செய்வது என்பதைத் தானே முடிவெடுக்கும் உரிமையை.

அதைப் பார்த்து 'பாவம்' எண்டு சொல்லாதேங்கோ.