ஆண்டுக்கூட்டத்துக்கு முன்பே ஆள் தேடுவோம்

கெடாவின் குருண், பீடோங் வட்டாரத் தோட்டங்களில் நம் முன்னோர் எழுப்பிய கோயில்களையும் தமிழ்ப்பள்ளிகளையும் இன்று தாங்கி நிற்பவை நிர்வாகக் குழுக்களே. அவற்றில் யார் அமர்வது என்பதை மட்டும் ஆண்டுக்கூட்டத்தின் கடைசி அரை மணி நேரத்துக்கு விட்டுவிடுகிறோம். ஒருவர் முன்மொழிகிறார், இன்னொருவர் வழிமொழிகிறார், கைதட்டலோடு முடிகிறது. தேர்வானவருக்குத் தம் வேலை என்னவென்று பல வேளைகளில் யாரும் சொல்வதே இல்லை.

பொறுப்பில் இருப்பவர்களின் கையில் எவ்வளவு இருக்கிறது என்பதை நம் வரலாறே சொல்லும். 1950களில் வெள்ளைக்கார முதலாளிகள் விற்ற தோட்டங்கள் துண்டு துண்டாகக் கைமாறின. தொழிலாளர் வேலையையும் வீட்டையும் ஒருசேர இழந்தனர். அதைத் தடுக்க 1960இல் துன் வீ. தி. சம்பந்தன் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். பால்வெட்டும் தொழிலாளர்கள் மாதம் 10 வெள்ளி கட்டி 100 வெள்ளிப் பங்குக்கு உரிமையாளர் ஆனார்கள். சங்கம் முதலில் வாங்கியது நம் கெடாவின் புக்கிட் சிடிம் தோட்டம். ஏழைகள் சேர்த்த காசை ஆள்பவர்களுக்கு நல்ல மனம் மட்டும் போதாது. நிலமும் கணக்கும் தெரிந்திருக்க வேண்டும், உறுப்பினர் கேட்டால் பதில் சொல்லவும் வேண்டும்.

இன்றும் அதே தேவைதான். தோட்ட நிறுவனத்தின் நிலத்தில் கோயிலோ பள்ளியோ இருந்தால், நிலப் பத்திரம் படிக்கத் தெரிந்த ஒருவர் வேண்டும். அரசு அலுவலகங்களுக்கு மலாயில் கடிதம் எழுத ஒருவர் வேண்டும். 1966ஆம் ஆண்டுச் சங்கச் சட்டப்படி, பதிவு பெற்ற சங்கம் ஆண்டுக்கூட்டம் முடிந்த 60 நாளுக்குள் கணக்கு விவரங்களைச் சங்கப் பதிவதிகாரிக்கு அனுப்ப வேண்டும். அதைத் தவறாமல் செய்யும் பொருளாளர் வேண்டும்.

ஆள் இல்லை என்பது சரியான பதில் ஆகாது. ரப்பர் போய்ச் செம்பனை வந்தபோது தோட்டத்தை விட்டு சுங்கைப்பட்டாணிக்கும் பினாங்குக்கும் சென்ற பிள்ளைகளில் கணக்காளர்களும் வழக்கறிஞர்களும் ஆசிரியர்களும் இருக்கிறார்கள். திருவிழா அன்னதானத்தை ஒரு குறையுமின்றி நடத்தும் பெண்கள் இருக்கிறார்கள். பள்ளி மேலாளர் வாரியத்தில் பெற்றோருக்கும் முன்னாள் மாணவருக்கும் இடம் உண்டு. அவர்களைத் தேடிப் போய்க் கேட்பவர்தான் குறைவு.

ஆண்டுக்கூட்டத்துக்கு மூன்று மாதம் முன்பே, குழுவில் எந்தத் திறமை குறைகிறது என்று எழுதிப் பார்ப்போம். தகுந்தவரை வீடு தேடிச் சென்று அழைப்போம். எத்தனை கூட்டம், என்ன வேலை, சங்கத்துக்குக் கடன் உண்டா, வழக்கு உண்டா என்று ஒளிக்காமல் சொல்வோம். முதல் ஓராண்டு துணைக்குழுவில் பழகட்டும். குத்தகை எடுப்பவர் அந்தக் குத்தகையைப் பற்றிய முடிவில் கலந்துகொள்ளக் கூடாது என்பதையும் முதலிலேயே பேசிக்கொள்வோம்.

இதில் எல்லாருக்கும் பங்கு உண்டு. மூத்தவர்கள் கோப்புகளையும் அனுபவத்தையும் அடுத்தவர் கையில் கொடுக்க வேண்டும். அவர்கள் அறிந்த நில வரலாறு வேறெங்கும் கிடைக்காது. இளையோர் குறை சொல்வதோடு நிற்காமல் பொறுப்பேற்க வேண்டும். உறுப்பினர்கள் சொந்தபந்தம் பார்த்துக் கை தூக்குவதை விட வேண்டும்.

கூட்ட அறிவிப்பு வரும்வரை காத்திருக்க வேண்டாம். உங்கள் கோயிலுக்கோ பள்ளிக்கோ தகுந்த ஒருவரை இந்த வாரமே சந்தித்துப் பேசுங்கள். உங்களையே யாரேனும் அழைத்தால், நேரமில்லை என்று சொல்லிவிடாதீர்கள்.