முறை வைத்துப் பணி செய்வோம்!



பஜ்ரு தொழுததும் மொத்தக் கடைக்குப் போய்ச் சரக்கு எடுக்க வேண்டும். பத்து மணிக்குக் கடை திறக்க வேண்டும். நடுவில் தாலுகா அலுவலகத்தில் ஒரு விதவைத் தாயின் உதவித்தொகை மனு. அஸருக்குப் பின் ஜனாஸா. இரவில் நிர்வாகக் குழுக் கூட்டம். எல்லாம் முடிந்த பிறகு பத்திரிகைக்கு அனுப்ப வேண்டிய கிளைச் செய்தி. இதுதான் நம் ஊழியர்கள் பலருடைய ஒரு நாள்!

இதைத் தியாகம் என்று மேடையில் பாராட்டுகிறோம். பாராட்ட வேண்டியதுதான். ஆனால், அந்த வீட்டில் வாப்பாவின் முகத்தைப் பார்க்காமலே தூங்கிப் போகும் பிள்ளையை யார் பாராட்டுவது? பூட்டிய கடையைப் பார்த்துத் திரும்பிப் போன வாடிக்கையாளரை யார் அழைத்து வருவது?

இரண்டு, மூன்று ஆண்டுகள் ஓடாய்த் தேய்ந்து உழைத்த இளைஞர் ஒருநாள் திடீரென்று காணாமல் போகிறார். அவர் கொள்கை மாறிப் போகவில்லை. களைத்துப் போய்ப் போனார். நாம் இழப்பது ஓர் உறுப்பினரை அல்ல, பயிற்சி பெற்ற ஓர் ஊழியரை!

மார்க்கம் என்ன சொல்கிறது?

மதீனாவில் சல்மான் (ரலி), அபூதர்தா (ரலி) இருவரையும் நபி (ஸல்) அவர்கள் சகோதரர்களாக ஆக்கி வைத்தார்கள். அபூதர்தா பகலெல்லாம் உபரி நோன்பு, இரவெல்லாம் தொழுகை என்றிருந்தார். அவர் வீட்டுக்குச் சென்ற சல்மான், அவருடைய மனைவி அலங்காரமின்றி இருப்பதைக் கண்டார். உடனே தோழரை உண்ண வைத்தார். இரவில் உறங்க வைத்தார். கடைசிப் பகுதியில் எழுப்பித் தம்முடன் தொழ வைத்தார். இறைவனுக்கும் உடலுக்கும் குடும்பத்துக்கும் தனித்தனியே உரிமை உண்டு, அவரவர் உரிமையை அவரவருக்குக் கொடு என்று எடுத்துச் சொன்னார். செய்தி நபியவர்களிடம் சென்றபோது, சல்மான் சொன்னதே சரி என்றார்கள். புகாரியில் இது பதிவாகியுள்ளது.

வணக்கத்துக்கே இந்த அளவு என்றால், இயக்கப் பணிக்கு அளவு வேண்டாமா?

உமர் (ரலி) அவர்கள் காட்டிய வழி

உமர் (ரலி) அவர்கள் வணிகர். மதீனாவின் மேட்டுப் பகுதியில் குடியிருந்தார்கள். நாள்தோறும் நபியவர்களின் சபைக்கு வருவது இயலாத காரியம். என்ன செய்தார்கள் தெரியுமா? அன்ஸாரியான அண்டை வீட்டுக்காரருடன் முறை வைத்துக் கொண்டார்கள். ஒரு நாள் இவர் போவார். மறுநாள் அவர் போவார். போனவர் அன்றைய வஹீயையும் செய்திகளையும் திரும்பி வந்து மற்றவருக்குச் சொல்வார். சபையும் தவறவில்லை, பிழைப்பும் கெடவில்லை! இதுவும் புகாரியில் இருப்பதுதான்.

நம் கிளைகளில் இந்த முறை இருக்கிறதா? மருத்துவமனைக்கும் அவரே, காவல் நிலையத்துக்கும் அவரே, சுவரொட்டி ஒட்டவும் அவரே என்றால் அது அமைப்பு அல்ல. ஒரு தனி மனிதரின் முதுகு. இரத்த தானத்தைப் பாருங்கள்! ஓர் ஆண் ஒருமுறை இரத்தம் கொடுத்தால் அடுத்த முறைக்கு 90 நாள் இடைவெளி வேண்டும் என்பது மருத்துவ விதி. இரத்தத்துக்கே ஓய்வு உண்டு. இரத்தம் கொடுப்பவனுக்கு இல்லையா?

2004 சுனாமி, 2015 சென்னை வெள்ளம், 2020, 2021 கொரோனா போன்ற நேரங்களில் கணக்குப் பார்க்க முடியாது. அன்று நம் இளைஞர்கள் இரவு பகல் பாராமல் நின்றார்கள். மய்யித்துகளை அடக்கம் செய்தார்கள். ஆனால், ஆபத்துக் காலத்தின் வேகத்தை ஆண்டு முழுவதும் இழுக்க முடியாது. குறைவாக இருந்தாலும் நிலையாகச் செய்யப்படும் அமலே அல்லாஹ்வுக்கு மிகவும் விருப்பமானது என்பது நபிமொழியின் கருத்து.

எழுதும் சகோதரர்களுக்கு ஒரு வார்த்தை. எழுத்து, மிச்ச நேரத்து வேலை அல்ல. நள்ளிரவில் தூக்கக் கலக்கத்தோடு எழுதும் செய்தியில் ஒரு பெயர் மாறினால் ஒரு குடும்பத்தின் மானம் போய்விடும். செய்தியைத் தீர விசாரிக்கச் சொல்கிறது திருக்குர்ஆன் (49:6). எனவே பெயர், தேதி, தொகை ஆகியவற்றை நிகழ்ச்சி நடக்கும் இடத்திலேயே குறித்துக் கொள்ளுங்கள். பஜ்ருக்குப் பிந்திய அரைமணி நேரத்தை எழுத்துக்கென்று ஒதுக்குங்கள். ஒரு பக்கம் போதும். அது சரியாக இருக்கட்டும்.

நிர்வாகிகளே! இஷாவுக்குப் பின் என்று அறிவித்த கூட்டத்தைப் பத்தரை மணிக்குத் தொடங்காதீர்கள். ஒவ்வொரு பணிக்கும் இருவரை நியமியுங்கள். வாரத்தில் ஓர் இரவையாவது ஊழியரின் குடும்பத்துக்கு விட்டுக் கொடுங்கள்.

வணிகப் பெருமக்களே! நன்கொடை தருகிறீர்கள், அல்லாஹ் நற்கூலி வழங்குவான். அதோடு, உங்கள் கடையில் வேலை செய்யும் இளைஞருக்கு வாரத்தில் இரண்டு மணி நேரம் சம்பளம் பிடிக்காமல் விடுப்புக் கொடுங்கள். அதுவும் தர்மம்தான்.

இளைஞர்களே! உங்கள் முறை வரும்போது தவறாமல் வாருங்கள். முறை முடிந்ததும் நேராக வீட்டுக்குப் போங்கள். நபி (ஸல்) அவர்கள் வீட்டில் இருக்கும்போது குடும்பத்தாரின் வேலைகளில் உதவுவார்கள், தொழுகை நேரம் வந்ததும் புறப்படுவார்கள் என்று ஆயிஷா (ரலி) அவர்கள் அறிவித்திருக்கிறார்கள். அந்த ஸுன்னத்தும் நம்மிடம் உயிர் பெறட்டும்!

சமுதாயப் பணியில் இறுதி மூச்சு வரை நிலைத்திருக்கும் பாக்கியத்தை வல்ல ரஹ்மான் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக!