பிரிவைக் கேட்கவில்லை, பாட்டைக் கேட்கிறோம்

ஃப்ளீட்வுட் மேக் குழுவின் 1977 ஆல்பமான ‘ரூமர்ஸ்’ ஓடியதற்குக் காரணம் உறுப்பினர்களின் காதல் முறிவுகள்தான், பாட்டெல்லாம் இரண்டாம்பட்சம் என்கிறார்கள். எனக்கு இதில் துளியும் உடன்பாடில்லை. பிரிவுகள் எல்லா வீட்டிலும் நடக்கின்றன; அவை பாட்டாகிவிடுவதில்லை.

‘ட்ரீம்ஸ்’ பாடலைக் கேளுங்கள். ஏறக்குறைய முழுப் பாட்டும் இரண்டே கார்ட்ஸில் நிற்கிறது. அதைச் சலிக்காமல் தாங்குவது மிக் ஃப்ளீட்வுட்டின் டிரம்ஸும் ஜான் மெக்வியின் பேஸ் கிட்டாரும். அதன் மேல் ஸ்டீவி நிக்ஸின் குரல் அவசரமே இல்லாமல் நடக்கிறது. ‘த செயின்’ இன்னும் வலுவான சான்று. தனித்தனித் துண்டுகளை ஒட்டி உருவான பாட்டு அது. அந்த ஆல்பத்தில் எழுதியவர்களாகக் குழுவின் ஐவர் பெயரும் சேர்ந்து வந்த ஒரே பாட்டும் அதுதான். எல்லாம் அடங்கி, பேஸ் மட்டும் தனியாக எழும் அந்த இடத்தில் சிலிர்க்க, யார் யாரைப் பிரிந்தார் என்று தெரிந்திருக்க வேண்டியதில்லை.

முறிவுகளையே பேசுபவர்கள் குழுவின் இன்னொரு உறுப்பினரான கிறிஸ்டின் மெக்வியை மறப்பதுதான் எனக்குக் கோபம். தன் புதுக் காதலைப் பற்றி அவர் எழுதியது ‘யூ மேக் லவிங் ஃபன்’. அதற்குப் பேஸ் வாசித்தவர் அவரைப் பிரிந்த கணவர் ஜான். அந்த வாசிப்பில் ஓரிடத்தில் சுணக்கம் காட்டுங்கள், உங்கள் வாதத்தை ஏற்கிறேன்.