தூய்மை எண் மட்டும் போதாது: ஆய்வுப் பெப்டைடுகளின் பகுப்பாய்வுச் சான்றிதழ் குறித்த நிலைப்பாடு

ஆய்வுக்கென விற்கப்படும் பெப்டைடுடன் வரும் பகுப்பாய்வுச் சான்றிதழ், ஆய்வகப் பேச்சில் சி.ஓ.ஏ., ஒரு குறிப்பிட்ட பேட்சில் என்னென்ன சோதனைகள் செய்யப்பட்டன, என்ன முடிவு வந்தது என்பதைச் சொல்லும் ஆவணம். அது அந்தப் பேட்சுக்கு மட்டுமே பொருந்தும். குப்பியின் லேபிளில் உள்ள பேட்ச் எண்ணும் சான்றிதழில் உள்ள எண்ணும் பொருந்தவில்லை என்றால் மேற்கொண்டு படிப்பதில் பயனில்லை. "தூய்மை 98%க்கு மேல்" என்ற ஒற்றை வரியைச் சான்றிதழாக ஏற்கக் கூடாது. அந்த எண்ணைத் தந்த மூல வரைபடங்களும், நிகரப் பெப்டைடு அளவும், சோதித்தவர் விவரமும் சேர்ந்திருந்தால்தான் அது சான்றிதழ். இதுவே இந்த அறிக்கையின் நிலைப்பாடு.

பெப்டைடில் மாசு சேர்வது தயாரிப்பு முறையிலேயே உள்ள விஷயம். 1963இல் புரூஸ் மெர்ரிஃபீல்டு வெளியிட்ட திண்மநிலைத் தொகுப்பு முறையில், ரெசின் மணிகளின் மேல் அமினோ அமிலங்கள் ஒவ்வொன்றாகக் கோக்கப்படுகின்றன. ஒவ்வொரு இணைப்பும் 99% வெற்றி பெற்றாலும், 30 அமினோ அமிலங்கள் கொண்ட சங்கிலி முழுதாக வந்து சேர்வது ஏறத்தாழ 75% தான். மிச்சம் பெரும்பாலும் ஒன்றோ இரண்டோ விடுபட்ட சங்கிலிகள். அவை மூலப் பெப்டைடை ஒத்திருப்பதால் சுத்திகரிப்பில் முழுதாகப் பிரிவதில்லை.

தூய்மை எண் எச்.பி.எல்.சி. எனப்படும் உயர்திறன் திரவ நிறப்பிரிகைச் சோதனையிலிருந்து வருகிறது. பெப்டைடுப் பிணைப்பு ஒளியை உறிஞ்சும் 214 அல்லது 220 நானோமீட்டரில் அளந்து, முதன்மை உச்சியின் பரப்பை எல்லா உச்சிகளின் மொத்தப் பரப்பால் வகுத்தால் கிடைக்கும் சதவீதம் அது. எனவே அந்தச் சோதனையின் வரைபடமான குரோமட்டோகிராமைப் பார்க்காமல் எண்ணை நம்ப முடியாது. அடிக்கோட்டின் அருகே உள்ள சிறு உச்சிகள் கணக்கில் சேர்க்கப்பட்டனவா, முதன்மை உச்சியின் தோளில் இன்னொரு உச்சி ஒட்டிக்கொண்டிருக்கிறதா, நேர அச்சு பாதியிலேயே வெட்டப்பட்டிருக்கிறதா என்பதெல்லாம் படத்தில்தான் தெரியும். கரைப்பான் விகிதத்தை மிக வேகமாக மாற்றி ஓட்டினால் மாசு முதன்மை உச்சிக்குள்ளேயே மறைந்து, எண் உயர்ந்துவிடும். ஆகவே எந்தப் பிரிப்புக் குழாய், எந்தக் கரைப்பான், எத்தனை நிமிடம் என்பதும் சான்றிதழில் இருக்க வேண்டும்.

அதிகம் பேரைத் தடுமாற வைப்பது இன்னொன்று: தூய்மையும் நிகரப் பெப்டைடு அளவும் வெவ்வேறு. தூய்மைக் கணக்கில் தண்ணீரும் உப்பும் வருவதே இல்லை. ஆஞ்சியோடென்சின் II என்ற எட்டு அமினோ அமிலப் பெப்டைடை எடுத்துக்கொள்ளலாம். அதன் மூலக்கூறு எடை 1046.2. சுத்திகரிப்பில் பயன்படும் டிரைஃபுளூரோ அசெட்டிக் அமிலம், அதாவது டி.எஃப்.ஏ., அதன் மூன்று காரத் தன்மையுள்ள இடங்களில் (சங்கிலியின் தலைப்பு, ஆர்ஜினின், ஹிஸ்டிடின்) உப்பாக ஒட்டிக்கொள்ளும். மூன்று டி.எஃப்.ஏ. மூலக்கூறுகளின் எடையும் சேர்ந்து 342. ஆக, 99% தூய்மை என்று எழுதப்பட்ட பொடியிலும் எடையில் முக்கால் பங்குதான் பெப்டைடு. ஈரம் சேர்ந்தால் இன்னும் குறையும். 1 மில்லிகிராமை நிறுத்துக் கரைசல் தயாரிப்பவர், தாம் எழுதிய செறிவில் கால் பங்கு இல்லாமலேயே சோதனையைத் தொடங்குகிறார். அமினோ அமிலப் பகுப்பாய்வோ நைட்ரஜன் அளவீடோ செய்து நிகர அளவைத் தருவதும், ஈரத்தைக் கார்ல் ஃபிஷர் முறையில் சொல்வதும் விற்பவரின் கடமை. டி.எஃப்.ஏ. வெறும் எடைச் சுமையும் அல்ல. அது எலும்பு உருவாக்கும் செல்களின் பெருக்கத்தைத் தடுப்பதாக 1999இல் வெளியான ஆய்வொன்று காட்டியது.

பெப்டைடு எது என்பதை நிறை நிறமாலை சொல்கிறது. ஆஞ்சியோடென்சின் II-க்கு 1046.5இல் ஓர் உச்சி வரும். இரட்டை மின்னூட்டம் பெற்ற வடிவம் 523.8இல் வரும். இரண்டும் சரியே. ஆனால் நிறை பொருந்துவதாலேயே வரிசையும் சரி என்று முடிவு கட்ட முடியாது. ஐசோலியூசினுக்குப் பதில் லியூசின் கோக்கப்பட்டாலும், ஓர் அமினோ அமிலம் எல் வடிவிலிருந்து டி வடிவுக்கு மாறினாலும், நிறையில் மாற்றமே இராது.

இந்த நுணுக்கங்கள் ஆய்வின் முடிவையே புரட்டிவிடும். எச்.ஐ.வி. தடுப்பூசி ஆய்வுக்கென வாங்கப்பட்ட பெப்டைடுகள் சில, இல்லாத டி-செல் எதிர்வினையை இருப்பதாகக் காட்டியதை 2008இல் வெளியான ஓர் ஆய்வுக் கட்டுரை பதிவுசெய்தது. ஆராய்ந்தபோது, அவற்றில் ஒன்றில் சைட்டோமெகலோ வைரஸின் பெப்டைடு எடையில் சுமார் 1% கலந்திருந்தது தெரியவந்தது. வழக்கமான 95% தூய்மை வரம்பு இத்தகைய கலப்பைத் தடுத்திருக்காது. தடுப்பூசி ஒன்று வேலை செய்கிறதா என்ற கேள்விக்கே அந்த 1% தவறான விடை தரக்கூடும்.

பல சான்றிதழ்களில் இல்லாத வரி எண்டோடாக்ஸின். பாக்டீரியாச் சுவரிலிருந்து வரும் இந்தப் பொருள் நானோகிராம் அளவிலேயே நோயெதிர்ப்புச் செல்களைத் தூண்டும், எச்.பி.எல்.சி. படத்தில் அதன் சுவடே தெரியாது. குதிரைலாட நண்டின் குருதியிலிருந்து எடுக்கப்படும் எல்.ஏ.எல். போன்ற தனிச் சோதனை தேவை. நுண்ணுயிர் இன்மைக்கும் அப்படியே. ஆகவே "ஆய்வுக்கு மட்டும்" என்று லேபிள் ஒட்டிய பெப்டைடை, தூய்மை 99% என்ற வரியை நம்பி உடலில் செலுத்திக்கொள்வது ஆபத்து. உடற்பயிற்சி வட்டாரங்களில் புழங்கும் பி.பி.சி.-157 என்ற பெப்டைடை உலக ஊக்கமருந்துத் தடுப்பு முகமை 2022இல் தடைப்பட்டியலில் பெயர் சொல்லிச் சேர்த்தது. எவ்வளவு முழுமையான ஆய்வுச் சான்றிதழும் ஒரு பொருளை மருந்தாக்கிவிடாது.

சோதித்தவர் யார் என்பதும் கேட்க வேண்டிய கேள்வி. விற்பவரே சோதிப்பது தவறல்ல. ஆனால் அதை மறைக்கக் கூடாது. வெளி ஆய்வகம் என்றால் அதற்கு ஐ.எஸ்.ஓ./ஐ.இ.சி. 17025 அங்கீகாரம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இந்தியாவில் அதை என்.ஏ.பி.எல். வழங்குகிறது. அங்கீகாரம் குறிப்பிட்ட சோதனைகளுக்கே தரப்படுவதால், எச்.பி.எல்.சி.யும் நிறை நிறமாலையும் அந்தப் பட்டியலில் உள்ளனவா என்பதையும் சரிபார்க்க வேண்டும். வெவ்வேறு பேட்ச் எண்களின் கீழ் ஒரே குரோமட்டோகிராம் அச்சிடப்பட்டிருந்தால் அந்தச் சான்றிதழ்களை நிராகரிப்பதே முறை.

பேட்ச் எண், வரைபடங்கள், நிகரப் பெப்டைடு அளவு, உப்பின் வகை, சோதனைத் தேதி ஆகியவை இல்லாத பெப்டைடை ஆய்வு நிறுவனங்களின் கொள்முதல் குழுக்கள் வாங்கக் கூடாது. ஆய்வேடுகளும் கட்டுரைகளும் இவற்றை முறைகள் பகுதியில் குறிப்பிட வேண்டும். மாணவர்களிடம் குப்பியைக் கொடுக்கும் வழிகாட்டிகள் சான்றிதழையும் சேர்த்துக் கொடுத்து, கரைசல் தயாரிக்கும் முன் அதைப் படித்துக் கணக்கிடச் சொல்ல வேண்டும்.